பற்றறிமேல் போட்ட பழி

கரண்ட் இல்லாத காலத்தில் வன்னியில் எப்படிப் பாட்டுப் பதிந்தீர்கள் என்று, இப்போது ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுடைய கணினித் திரையில் குரல் வாய்க்கால்போல நெளிந்து ஓடுகிறது. சுதி விலகிய இடத்தைத் தொட்டு நிமிர்த்துகிறார்கள். நிமிர்ந்ததும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பழைய பாட்டுகளைத் தூசி தட்டி, ரீமாஸ்டர் என்று புதுச்சட்டை மாட்டி வெளியே அனுப்புகிறார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் ஒரு குரல் நிமிரும்போதெல்லாம், அது ஏன் வளைந்தது என்று யாராவது கேட்டார்களா என்ற எண்ணம் எனக்குள் கொசுவைப்போலச் சுற்றத் தொடங்கிவிடும்.

வயது எனக்கு அதிகமில்லை. இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காது புறப்படுவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறது. காதால் உழைத்தவனுக்கு வேறு ஓய்வு வயது கிடையாது.

நான் மலையகத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களோடு உருத்திரபுரத்துக்கு வந்து, வயல் வேலை பிடிக்காமல் கிளிநொச்சி ரவுணுக்கு ஓடி, தொண்ணூறாம் ஆண்டு கனகரின் கடையில் ஒட்டிக்கொண்டேன். கனகர் முன்பக்கம் ரேடியோ திருத்துவார். பின்னறையில் பாட்டுப் பதிவார். முதல் வருடங்களில் நான் செய்ததெல்லாம் கசற் நாடா சுற்றியது, பற்றறி தூக்கியது, ஏச்சு வாங்கியது. அவ்வளவுதான் என் படிப்பு.

கனகர் சத்தம் போட்டு ஏசுகிறவர் இல்லை. ஒரு பாட்டைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வலக்கைச் சுட்டுவிரல் மெல்ல எழும்பி நிற்கும். பாட்டு முடிந்தாலும் விரல் நிற்கும். விரல் கீழே வரும்வரை அந்த அறையில் யாரும் மூச்சு விடக்கூடாது. பிறகு "போகலாம்" என்பார். நல்லது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பிழை என்றால் ஒன்றும் சொல்லாமல் நாடாவைத் திருப்பிச் சுற்றுவார், அதைவிட அடிக்கலாம். அவருக்கு இன்னொரு வைராக்கியமும் இருந்தது. கடையில் நடந்த பிழையைப் பாட வந்தவர்களுக்குச் சொல்லவே மாட்டார். "எங்கட பிழை எங்கட அறைக்குள்ள கிடக்கட்டும். வெளியால போனா அது திரும்பி வராது" என்பார்.

தொண்ணூற்றாறில் இராணுவம் முன்னேற, கிளிநொச்சி காலியானது. சனம் கிழித்த சீலைபோல மேற்கே இழுபட்டுப் போய் ஸ்கந்தபுரத்துக் காடுகளில் விழுந்தது. மற்றவர்கள் அரிசியும் சட்டியும் கொண்டுவந்தார்கள். கனகர் மெஷின்களைப் பாயில் சுற்றி உழவு மெஷின் பெட்டியில் வைத்து, அவற்றின்மேல் தன் மனைவியை இருத்திக் கொண்டுவந்தார். "மனிசி அசையாது" என்றார்.

மண்சுவர் வைத்துத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தோம். தகரம் கிடைத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். வெயிலுக்குத் தகரம் நெளிந்து முறியும் சத்தம் பாட்டில் விழுமாம். சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டோம். பதிவு எப்போதும் உச்சி மத்தியானத்தில்தான். அந்த வெக்கையில் காகம்கூடக் கத்தாது. உழவு மெஷின்காரன் மரத்துக்குக் கீழே படுத்துவிடுவான். குண்டு போட விமானம் வந்தால் எல்லோரும் பதுங்குகுழிக்குப் போவோம்; போய்விட்டால் திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து தொடங்குவோம். மெஷின் தலை துடைக்க ஸ்பிரிட் இல்லை, காய்ச்சலுக்கு நெற்றியில் தடவும் ஓடிக்கொலோன்தான். அறை எப்போதும் காய்ச்சல்காரன் படுத்த அறைபோல மணக்கும். கசற்றை மெஷினில் வைத்துத் திருப்பிச் சுற்றினால் பற்றறி தின்னும் என்று பென்சிலைக் கொடுத்துக் கையால் சுற்றுவோம்.

பற்றறிதான் எங்கள் கடவுள், எங்கள் பிசாசு. கார்ப் பற்றறியை மண்ணெண்ணெய் எஞ்சினில் சார்ஜ் ஏற்றி வருவோம். ஒரு கசற்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும்போது, போடுகிற மெஷினின் பற்றறி சோர்ந்தால் நாடா தளர்ந்து சுற்றும். பாடுகிறவர்களின் குரல் நித்திரை தூங்குகிறவன் தலைபோலக் கீழே கீழே சாயும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கசற்றின் தொடக்கத்திலும் ஆர்மோனியத்தின் ஒரே கட்டையை அழுத்திப் பதிந்துவைப்பார் கனகர். பிறகு எங்கே போட்டாலும் அந்த ஒலியை ஆர்மோனியத்தோடு ஒட்டிப் பார்த்தால் மெஷின் உண்மை சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் மட்டும்தான் பதிவார். முடிவிலும் பதியவேண்டும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

கொக்கிளாய் நால்வர் எங்களிடம் வந்தது தொண்ணூற்றெட்டில். அந்தப் பெயர் முல்லைத்தீவுக் கரைக்கு நன்றாகத் தெரியும். மாதா கோவில் பாட்டுக்குழுவில் ஒன்றாக வளர்ந்த நாலு மீன்பிடிகாரர்கள், எழுபதுகளில் கிற்றாரும் டிரம்மும் சேர்த்துக்கொண்டு ரொக் பாடத் தொடங்கினார்கள். தமிழ்ப் பாட்டுத்தான், ஆனால் ஆளுக்கொரு குரல்வரி. நடுவில் சூசை மெட்டைப் பிடிப்பார். மேலே அருளப்பு, பட்டம்போல. கீழே மனுவேலும் கபிரியேலும், நங்கூரம்போல. திருநாளில்லை, கல்யாணமில்லை, அவர்கள் இல்லாமல். பிறகு கொக்கிளாயை விட்டுச் சனம் துரத்தப்பட்டது. நாலு பேரும் நாலு முகாம். போதாக்குறைக்கு, மைக்குக்குக் கிட்ட யார் நிற்பது என்று சூசைக்கும் அருளப்புக்கும் பழைய கோபம் ஒன்றும் இருந்தது.

ஸ்கந்தபுரத்தில் நிவாரணக் கியூவில் இருவரும் முன்னும் பின்னுமாய் மாட்டிக்கொண்டார்களாம். சூசையே எனக்குச் சொன்னது.

"நீ இன்னும் சாகேல்லையோ?" என்றாராம் சூசை.

"உனக்கு முதல் செத்து மைக்கை விட்டுக்குடுக்க மனமில்லை" என்றாராம் அருளப்பு.

"குரல் கிடக்கோ?"

"கிடக்கு. நெஞ்சுதான் இல்லை."

அப்படித்தான் அந்தக் குழு திரும்பச் சேர்ந்தது. மற்ற இருவரையும் தேடிப் பிடித்தார்கள். கிற்றாருக்கு அறுந்த கம்பிக்குப் பதில் சைக்கிள் பிறேக் வயரின் இழையைப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு கசற் போடவேண்டும், பழைய பாட்டும் புதியதுமாய் என்று கனகரிடம் வந்து நின்றார்கள். கனகர் சம்மதித்தார். அவர் முகத்தில் நான் கண்ட ஒரே வெட்கம் அன்றுதான். இளவயதில் அவர்களுக்குக் கைதட்டியவராம்.

ஒத்திகையில் நான் கேட்ட முதல் கேள்வியை அவர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். நாலு பேரும் நாலு விதமாகப் பாடுவதைக் கேட்டுப் பயந்துபோய், "அண்ணே, இதுல யாரு தப்பாப் பாடுறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டீங்களோ! தோட்டத்துக் காது கண்டுபிடிச்சிட்டுது!" என்றார் கனகர். அருளப்புதான் எனக்காகப் பேசினார். "பிழையா என்ன கேட்டவன்? எங்கட அப்புவும் இதைத்தான் கேட்டவர். நாலு பேரும் சண்டை பிடிக்காமல் ஒண்டைப் பாடுங்கோவன் எண்டு."

பதிவு நாளன்று கனகருக்கு மலேரியா. பக்கத்து அறையில் சாக்கால் மூடிக்கொண்டு பல் கிட்டிப்போய்க் கிடந்தார். "நீ பார். பற்றறியைக் கவனி" என்று மட்டும் சொன்னார். முதன்முதலாக அந்த மெஷின்களுக்கு முன்னால் நான் தனியே இருந்தேன். கிற்றார் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அருளப்பு ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் வாசலில் போய் இருந்து மூச்சு வாங்கிவிட்டு வந்தார். கடைசிப் பாட்டு வாத்தியம் எதுவுமில்லாமல் குரல் மட்டும். அவர்கள் மேடையில் எப்போதும் அப்படித்தான் முடிப்பார்களாம். கடலுக்குப் போனவனை விடியலில் தேடும் பாட்டு.

என்ன சொல்வது. அந்தக் கிடுகு அறைக்குள் கடல் வந்தது. மெஷினில் ஒலியளவு ஊசி அசைவதைப் பார்க்கவேண்டிய நான் சாக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு போகப் போக ஒரு மாலை இறங்குவதைப்போல இருந்தது. அதைப் பாட்டின் அழகு என்றுதான் எண்ணினேன். முடிந்ததும் அருளப்பு, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். சூசை அவர் முதுகில் அடித்து, "வந்திட்டுதடா, விடு" என்றார். களைப்பு என்று நினைத்தேன்.

அன்றே பிரதி எடுத்து, விற்கும் கசற்றுகளுக்கான மூலக் கசற்றை உருவாக்கினேன். பாடிய கசற் அடுத்த நாள் வேறு பதிவுக்குப் போய்விட்டது; நாடா அவ்வளவு பஞ்சம். காய்ச்சல் விட்டு எழும்பிய கனகர் மூலக் கசற்றைக் கேட்டார். கண் மூடியது. விரல் எழுந்தது. கடைசிப் பாட்டு முடிந்ததும் விரல் இறங்கவில்லை. பென்சிலை எடுத்துத் திருப்பிச் சுற்றினார். ஆர்மோனியத்தை இழுத்துவைத்துப் பாட்டின் முதல் வரிக்குக் கட்டையை அழுத்தினார், ஒத்தது. கடைசி வரிக்கு அழுத்தினார். ஒரு முழுக் கட்டை கீழே கிடந்தது.

"பிரதி எடுக்கேக்க பற்றறி இறங்கியிருக்கு. நீ பாக்கேல்லை."

"பார்த்தேன் அண்ணே."

"பார்த்தனி எண்டால் குரல் ஏன் சாயுது?"

கடைசிப் பாட்டு, பற்றறி சோரும் நேரம். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பாட்டை விட்டுவிட்டுக் கசற் வெளியே போனது. சூசை வந்து கேட்டபோது கனகர் தன் வைராக்கியப்படியே, "கசற்றில இடம் காணேல்லை" என்றார். சூசை அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அன்று அந்தப் பார்வையின் பொருளை நான் கேட்டிருக்கலாம். அல்லது கனகர் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, பற்றறி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

மற்றப் பாட்டுகள் சைக்கிள் டைனமோ சுற்றிய ரேடியோக்களில் எல்லாம் ஒலித்தன. அடுத்த வருடம் அருளப்பு நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போனார். மருந்து, தடைக்கு அப்பால், வவுனியாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மனுவேலும் கபிரியேலும் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போனார்கள்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, நாடா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த மெஷின் ஒன்று எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தது. சிறிய ஜெனரேற்றரும் வந்தது. வெளிநாட்டில் உள்ள கொக்கிளாய்ச் சனம் நால்வரின் கசற்றைப் புதிதாகச் செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டது. கனகர் அதைக் "கழுவுதல்" என்றார். "பாட்டைக் கழுவி எடுப்பம் செல்வம். இந்த முறை அந்தக் கடைசிப் பாட்டையும் சேர்ப்பம். உன்ர பற்றறி செய்த வேலையை நான் நேராக்கிறன்."

அந்தக் கழுவுதலைப்போல ஒரு வேலையை நான் பிறகு கண்டதில்லை. இரைச்சலைக் குறைத்தார், ஆனால் மூச்சை விட்டுவைத்தார். கடைசிப் பாட்டுக்கு வரி வரியாக ஆர்மோனியத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் குமிழை மயிரளவு மயிரளவாகத் திருகினார். சாய்ந்த குரல்களை, கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல, கழுத்து நோகாமல் மேலே தூக்கினார். தவறினால் மறுபடி முதலிலிருந்து. வேர்வை ஆர்மோனியத்தில் சொட்டியது. கடைசியில் நாலு குரலும் தொடங்கிய உயரத்திலேயே முடிந்தன. கண் திறந்து, என் ஆயுளில் ஒரே தடவையாக, "நல்லாக் கிடக்கு" என்றார்.

கேட்பதற்குச் சூசை வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றப் பாட்டுகளுக்குத் தொடையில் தாளம் போட்டார். கடைசிப் பாட்டு பாதியில் தாளம் நின்றது. முடிந்ததும் கேட்டார்: "இது ஆர்?"

"ஆரெண்டால்? நீங்கள்தான்" என்றார் கனகர்.

"நாங்கள் இறங்கினனாங்கள். இதில இறங்கேல்லையே."

"அது இவன் பற்றறியைப் பாக்காமல்…"

"என்ன பற்றறி? அருளப்பு மூச்சில்லாமல் சறுக்கினவன். நாங்கள் அவனோட இறங்கினனாங்கள்." சூசையின் குரல் உயர்ந்தது. "எங்கட கோயில்ல ஆர்மோனியம் இருக்கேல்லை. ஒருத்தன் சறுக்கினா மற்ற மூண்டு பேரும் அவனிட்டப் போறதுதான் எங்கட பழக்கம். அவனைக் கீழ விட்டிட்டுத் தான் மட்டும் சரியாப் பாடிறவனை நாங்கள் சேர்க்கிறேல்லை."

கனகர் திகைத்துப்போனார். "நாலு பேரும் ஒரேயளவு இறங்கியிருக்கிறியள். ஆளுக்கொரு மாதிரி இறங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். மெஷின் மட்டும்தான் அப்பிடி இறங்கும்."

"மெஷின் மாதிரி இறங்கிறதுக்கு எங்களுக்கு எத்தினை வருசம் எடுத்தது தெரியுமோ?"

அறைக்குள் ஓடிக்கொலோன் மணந்தது. கனகர் என் பக்கம் திரும்பினார். மூன்று வருடமாய் எந்தப் பிழை நடந்தாலும் "பற்றறி மன்னன்" என்று என்னைக் கூப்பிட்டவர். "செல்வம், தேத்தண்ணி குடிச்சனியே?" என்று கேட்டார். மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பழைய மூலக் கசற் பிஸ்கற் ரின்னுக்குள் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தார். "உள்ளபடியே போடுவம். இறங்கினது இறங்கினபடி. என்ர வேலை போகட்டும்" என்றார். சூசை கண்ணைத் துடைத்தார். அடுத்த நாள் அதைப் பிரதி எடுப்பதாக முடிவாயிற்று.

அடுத்த நாள் சூசை தனியே வரவில்லை. சைக்கிள் பின்கரியலில் அருளப்புவின் மனைவி ரீத்தா இருந்தார். கசற் வெளிநாட்டுக்குப் போகுமுன் மனிசன்ர குரலை ஒருக்கால் கேட்கவேணும் என்று பிடிவாதமாய் வந்திருந்தார். கனகரின் மனைவி கதிரை போட்டார். முதல்நாள் சூசைக்குப் போட்டுக் காட்டிய கழுவிய கசற்தான் மெஷினில் கிடந்தது. அதை மாற்ற நான் கை நீட்டுவதற்குள் அவா, "அந்தக் கடைசிப் பாட்டைப் போடுங்கோ. வெளியில விடாத பாட்டு" என்றா. கனகர் எதையும் யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டார்.

ரீத்தா அக்கா அசையாமல் கேட்டா. மேலே அருளப்புவின் குரல் நேராகப் போனது, காற்று மாறாத நாளின் பட்டம்போல. முடிந்ததும் அவாவின் முகத்தில் வந்தது அழுகை என்று நினைத்தேன். அழுகை இல்லை.

"அப்ப அவர் இறங்கேல்லையே?"

கனகர் மெஷினை நிறுத்தினார்.

"அண்டைக்கு வீட்டை வந்து அழுதவர். நான் எல்லாரையும் இழுத்து விழுத்திப்போட்டன் ரீத்தா எண்டு. என்ர குரலாலதான் அந்தப் பாட்டை விட்டிட்டினம், வெக்கத்தில எனக்குச் சொல்லாமல் இருக்கினம் எண்டு. கடைசிக் கிழமையும் அதே கதைதான். நான் சொன்னனான், இல்லையப்பா, நீங்கள் அப்பிடிப் பாடமாட்டியள் எண்டு. கேக்கேல்லை." சூசையைத் திரும்பிப் பார்த்தா. "சொல்லுங்கோ அண்ணை. இறங்கினவரோ?"

பிஸ்கற் ரின் மேசையில்தான் இருந்தது. சூசையின் பார்வை ஒரு தடவை அதில் பட்டது.

"இல்லை ரீத்தா. அவன் இறங்கேல்லை."

"அப்ப ஏன் அந்தப் பாட்டை விட்டவை?"

கனகர் எழும்பி நின்றார். கடைப் பிழையை அறைக்கு வெளியே விடாத மனிதர், பாட வந்தவர்களிடம் ஒருநாளும் தலை குனியாதவர், தலை குனிந்துகொண்டு சொன்னார்: "எங்கட பிழை தங்கச்சி. பற்றறி இறங்கிப்போச்சு. அதால பாட்டுப் பழுதாப்போச்சு. இப்பதான் சரிப்படுத்தினனான்."

"ஆர் பாத்தது பற்றறியை?"

கனகர் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன். "நான்தான் அக்கா."

அவா ஏசவில்லை. "அவர் இருக்கேக்க வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி," என்றா. "எங்கட கொட்டில் உங்கட கடையில இருந்து கூப்பிடு தூரம்தானே."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். பற்றறி பொய். ஆனால் அவாவின் அந்தச் சொல் உண்மை. எங்கள் இருவரில் எவராவது, பொய்யாகவோ தெரியாமலோ, அன்றைக்கே பற்றறிக் கதையைச் சொல்லியிருந்தால் அருளப்பு நிம்மதியாகக் கண் மூடியிருப்பார். நாங்கள் எங்கள் மானத்தைப் பார்த்தோம். அவர்கள் தங்கள் மானத்தைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு மனிதர் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தார்.

ரீத்தா அக்காவைக் கனகரின் மனைவி குசினிக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போனா. கதவுச் சாக்கு விழுந்ததும் சூசை மெதுவாகச் சொன்னார்: "கழுவினதையே அனுப்புங்கோ."

"மற்றது?" என்றார் கனகர்.

"ரண்டும் இருந்தா ஒருநாள் அவா மற்றதையும் கேப்பா."

கனகர் ரின்னை என்னிடம் தள்ளினார். ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாமா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. குசினி பக்கத்தில்தான், மண்சுவர்; பாட்டுப் போட்டால் ரீத்தா அக்காவின் காதில் விழும். கேட்கவில்லை. கசற்றை வைத்தேன். மைக்கைக் கழற்றினேன். பதியும் பொத்தானை அழுத்தினேன்.

அழியும்போது ஒரு சத்தமும் வராது. சில்லுகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சூசை மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, வாய் திறக்காமல் அந்தப் பாட்டைத் தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். கை மட்டும் காற்றில் மெட்டைப் பிடித்து நின்றது. கொஞ்சநேரம் அது அசையவில்லை. பிறகு, அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில், அந்தக் கை கொஞ்சம் கீழே இறங்கியது.